எத்தனை சிசி என்பது கடைசிக் கேள்வி

கேமரன் மலைக்குப் போகிறோம் என்றால் முன்பெல்லாம் ஸ்ட்ராபெரி, சோளம், தேயிலைத் தோட்டத்தில் ஒரு படம், குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை என்று பேச்சு முடிந்துவிடும். இப்போது ஏடிவியும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நான்கு தடித்த சக்கரங்கள், மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடி, சேற்றிலும் மேட்டிலும் உறுமிக்கொண்டு ஏறும் வண்டி. வானொலியில் வார இறுதிச் சுற்றுலா பற்றி வாயைத் திறந்தால் போதும், நேயர்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாடகைக்கு ஓட்டிப் பார்த்தவர்கள் சிலர் சொந்தமாகவே வாங்க நினைக்கிறார்கள். எல்லாருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "எத்தனை சிசி வாங்கலாம்?"

என் அக்கா வீட்டிலும் அதே பேச்சு. அத்தான் பழைய 500 சிசி ஏடிவி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். பதினோரு வயது மகனைப் பின்னால் உட்காரவைத்து மலைப்பாதையில் ஓட்டுவது அவர் கனவு. "சீட்டு நீளமாத்தானே இருக்கு, ரெண்டு பேரு தாராளமா உட்காரலாம்" என்றார்.

அந்த இருக்கை நீளமாக இருப்பது இரண்டாவது ஆளுக்காக அல்ல. ஏடிவியை ஓட்டுபவர் உடம்பாலும் ஓட்ட வேண்டும். ஏற்றத்தில் முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் பின்னால் நகர வேண்டும், பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம் எடையைப் போட வேண்டும். அப்படி நகர்வதற்குத்தான் அந்த இடம். பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுபவர் நகர முடியாது. ஏற்றத்தில் பாரம் முழுதும் பின்சக்கரத்தில் இறங்கி, வண்டி முன்பக்கம் தூக்கி மல்லாக்கக் கவிழலாம். 500 சிசி வண்டி கால் டன்னுக்கு மேல் கனக்கும். அது மேலே விழுந்தால் அடியில் இருப்பவர் கதி என்ன?

இந்த வண்டியின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 1970-இல் ஹோண்டா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஏடிவிக்கு மூன்றே சக்கரங்கள். பல நிறுவனங்கள் அதே பாணியைப் பின்பற்றின. கவிழ்ந்து அடிபட்டவர்கள், அதிலும் பிள்ளைகள், அமெரிக்காவில் பெருகிப்போக, 1988-இல் மூன்று சக்கர வண்டி விற்பனையை நிறுத்த நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. நான்கு சக்கரம் வந்த பிறகும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை. பெரியவர்களுக்கான ஏடிவியில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கை இன்றும் ஒட்டப்பட்டிருக்கும்.

மலைக்கு எந்த வண்டி ஏற்றது என்பதைக் கேமரன் மலைக்காரர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அங்கே காய்கறித் தோட்டங்களில் இன்றும் கோஸ் கூடைகளோடு பழைய லேண்ட் ரோவர்கள் ஓடுகின்றன. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு என்பதால் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஈரமான மலைக்கு அது தோதாகிவிட்டது. எங்கள் பெரிய மாமா அங்கே ஒரு தோட்டத்தில் லேண்ட் ரோவரில் கொழுந்து மூட்டைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோனவர். "எறங்கும்போது பிரேக்க நம்பாத, கியர நம்பு" என்பது அவர் எங்களுக்குச் சொன்ன பாடம். குறைந்த கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடேறிக் கைவிடாது.

ஏடிவி வாங்கும்போதும் இதை முதலில் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகள் சிலவற்றில், எண்ணெய் முறுக்கை விட்டதும் இறக்கத்தில் வண்டி தன்போக்கில் உருளும். மலைக்கு எஞ்சின் பிடிமானம் உள்ள வண்டிதான் வேண்டும். குறைந்த கியரும் நான்கு சக்கர இழுவையும் இருந்தால் மழை பெய்த செம்மண் பாதையில் கைகொடுக்கும். முதன்முதலாக வாங்குபவருக்கு 300 சிசி சுற்றளவில் அமைதியான ஒரு வண்டி போதும். பந்தய வகை வண்டி வேகத்துக்கானது, புதியவருக்கு வேண்டாம்.

டயரையும் கவனியுங்கள். கார் டயரில் 30 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று இருக்கும், ஏடிவியில் ஐந்தாறுதான். மண்ணில் அது பரந்து பிடிக்கும், தாரில் தடுமாறும். நம் நாட்டில் ஏடிவியைப் பொதுச் சாலையில் ஓட்டவும் அனுமதி இல்லை. ஆகவே அதை ஏற்றிச் செல்ல ஒரு லாரி, நிறுத்த ஓர் இடம், ஓட்ட அனுமதியுள்ள ஒரு நிலம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய வண்டியானால் எஞ்சின் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

தேயிலை வரிசைகளுக்கு இடையே உள்ள பாதை விளையாட்டுக் களம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். போ நிறுவனம் 1929-இல் தொடங்கிய காலத்திலிருந்து நம்மவர்கள் கூடை சுமந்து ஏறி இறங்கிய சரிவுகள் அவை. இன்றும் அங்கே கொழுந்தெடுப்பவர்கள் நடக்கிறார்கள். சக்கரம் கிழித்த தடத்தில் மழைநீர் ஓடினால் மண்ணும் கூடவே போய்விடும். ஏடிவிக்கென்று ஒதுக்கிய பாதையில் மட்டும் ஓட்டுங்கள்.

இதையெல்லாம் கேட்ட அத்தான் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அந்த 500 சிசி வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குடும்பமாகப் போகும்போது பக்கத்துப் பக்கத்து இருக்கையும் இடுப்புவாரும் கவிழ்தடுப்புக் கூண்டும் உள்ள வண்டியை வாடகைக்கு எடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. மகன் முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிறதா என்பதைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். அவன் தானே ஓட்டுவதென்றால், பிள்ளைகளுக்கான சிறிய வண்டி, மூடிய திடல், தலைக்கவசம், கணுக்காலை மூடும் காலணி, பக்கத்தில் அப்பா.

"பெரிய வண்டி எப்ப?" என்று அவன் கேட்டான். "பதினாறு வயசுல" என்றார் அத்தான். இன்னும் ஐந்து வருடம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். அக்கா மட்டும் நிம்மதியாக இருக்கிறாள்.