வெள்ளி அருவியும் அதன் தாய் ஏரியும்

மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்காலம் என்பது வேலையற்ற காலம். அத்தகைய குடும்பங்கள் சிலவற்றோடும், ஆரோவில்லைச் சூழ்ந்த சிற்றூர் மக்களோடும் நாம் அண்மையில் கோடைக்கானல் சென்று வந்தோம்.

வத்தலக்குண்டு தாண்டியதும் பேருந்து மலையேறத் தொடங்கியது. ஏற ஏறக் காற்றும் குளிர்ந்தது. வழியில், எட்டாத் தொலைவில், வெண்கயிறு தொங்குவதுபோல் தலையாறு அருவி தோன்றியது. ஏறக்குறைய 975 அடி உயரமுள்ள இதனை எலிவால் அருவி என்றும் அழைப்பர். நகரை அடைய இன்னும் 8 கிலோமீட்டர் இருக்கையில், சாலையோரத்திலேயே வெள்ளி அருவி 180 அடி உயரத்திலிருந்து வீழ்கிறது. சிறுவர் சாரலில் நனைந்து ஆர்ப்பரித்தனர்.

இந்நீர் எங்கிருந்து வருகிறது? மேலே கோடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீரே இது. அவ்வேரியும் இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை கலெக்டர் லெவிஞ்சு துரை 1863-இல் கரை கட்டி உண்டாக்கியது. ஆகவே, ஏரியில் நாம் எறியும் குப்பை அங்கேயே தங்கிவிடும் என எண்ணலாகாது. அருவியோடு அதுவும் கீழிறங்கும்.

நகரில், 1866-இல் எழுந்த சலேத் அன்னை ஆலயத்தில் செபித்துவிட்டு, சோலைக்காட்டின் ஓரமாய் நடந்தோம். சோலையும் புல்வெளியும் மழைநீரை உறிஞ்சி வைத்து, மழையற்ற நாள்களிலும் சிறிது சிறிதாய் ஓடைகளுக்கு விடுகின்றன. பழனிமலையில் இத்தகைய புல்வெளிகள் பல, சீகை மரத்துக்கும் தைல மரத்துக்கும் இடந்தந்து மறைந்துவிட்டன.

இதைக் கேட்ட உப்பளத் தொழிலாளி ஒருவர், “அப்படியானால் நம்ம ஆரோவில் காடும் இதே வேலையைத்தானே செய்யுது, சாமி?” என்றார். உண்மைதான். 1968-இல் ஆரோவில் தோன்றியபோது அது மரமற்ற செம்மண் மேடு. மழை பெய்தால் மண் கரைந்து கடலுக்கு ஓடும். வரப்புகள் அமைத்து, கன்றுகள் நட்டு, பல்லாண்டு உழைத்த பின்னரே நீர் அங்கே நிலத்தில் தங்கலாயிற்று. இழந்த காட்டை மீட்க ஒரு தலைமுறை வேண்டும். இருக்கும் காட்டைக் காக்க நம் கட்டுப்பாடு ஒன்றே போதும்.

கோடைக்கானல் செல்ல 2024 மே 7 முதல் இ-பாஸ் பெறவேண்டும். குடும்பத்தோடு செல்வோர் அதனைத் தொல்லையாகக் கருதவேண்டாம். குடிநீரை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். கொண்டுபோன பைகளை வீட்டுக்கே திருப்பிக் கொணருங்கள். அருவியைக் கண்டு மகிழும் நம் பிள்ளைகள், அதன் தாய் ஏரியையும் சோலையையும் பேணக் கற்கட்டும்.