தேன்மெழுகு

மயிலாப்பூர் வீட்டுக் கொல்லையில் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். என் தாத்தா வார்த்தார். செங்கற்பட்டுப் பக்கம் அவருக்கு இருந்த கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கும். பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று அங்கே உண்டு. பன்றியை அவர் சுட்டதில்லை. வரப்போரத்துப் பனங்கட்டையைத்தான் சுடுவார். சத்தத்துக்கே பன்றி ஓடிவிடும்.

கரியடுப்பில் இரும்புக் கரண்டியை வைத்து ஈயத்தை உருக்குவார். அந்தக் கரண்டியைப் பாட்டி நிரந்தரமாகக் கொல்லைக்கு நாடு கடத்தியிருந்தாள். அச்சு சூடேறாவிட்டால் குண்டில் சுருக்கம் விழும். அது மறுபடி கரண்டிக்கு. ஓர் இரும்பு வளையம் வைத்திருந்தார். அதில் தொளதொளவென்று விழுந்தாலும் குற்றம், நுழையாவிட்டாலும் குற்றம். தேறிய குண்டுகளுக்குச் சுற்றும் துணியைத் தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் கலந்து பதமாக்குவது என் வேலை.

1990 கோடை விடுமுறை. தெருவில் கிரிக்கெட். மெழுகு உருகும்வரை யார் காத்திருப்பது? வெறும் துணியை நறுக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து தாத்தா முகம் கறுத்துத் திரும்பினார். குண்டு பாதிக் குழலில் இறுகிவிட்டதாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழலே வெடிக்கலாம். விஷயம் தெரிந்தவர், தண்ணீர் விட்டு மருந்தை நனைத்துவிட்டு வந்திருந்தார்.

"மெழுகு போட்டாயாடா?"

"போட்டேன், தாத்தா."

மறு கேள்வி கேட்கவில்லை. "அப்படியானால் அச்சுதான் தேய்ந்துவிட்டது. குண்டு பெரிதாக விழுகிறது. வளையத்தில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லையே, கண்ணும் போச்சு" என்றார். அந்த வருஷமே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார்.

பின்னால் 1857 பற்றிப் படித்தபோது இந்த மெழுகு மறுபடி வந்து நின்றது. என்ஃபீல்டு தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருப்பதாகச் சிப்பாய்கள் சந்தேகப்பட்டார்கள். உங்களுக்கு இஷ்டமானதை நீங்களே தடவிக்கொள்ளலாம் என்று ஜனவரியிலேயே சர்க்கார் சொல்லிப் பார்த்தது. யார் நம்பினார்கள்? மார்ச்சில் பாரக்பூர், மே மாதம் மீரட். இதற்கிடையில் இந்த நாட்டு வெயிலில் அந்தக் குண்டு குழலில் இறங்கவும் மறுத்தது. குண்டின் விட்டத்தை .568 அங்குலத்திலிருந்து .55 ஆகக் குறைத்தார்கள். கொழுப்பைக் குறைத்துத் தேன்மெழுகைக் கூட்டினார்கள். துப்பாக்கியின் கோளாறு தீர்ந்தது. போன நம்பிக்கைக்கு எந்த மெழுகைத் தடவுவது?

தாத்தா காலமாகி வெகுநாள் ஆகிறது. சென்ற மாதம் பரணை ஒழித்தபோது அச்சும் வளையமும் கிடைத்தன. துணிப்பையில் அவர் கடைசியாக வார்த்த குண்டுகள் ஏழும் இருந்தன. ஒவ்வொன்றாக வளையத்தில் போட்டுப் பார்த்தேன். ஏழும் அளவாக, மெல்ல இறங்கின.

அச்சு தேயவில்லை. அவர் கண்ணிலும் பழுதில்லை.