பர்சாத்தியில் ஒத்திகை

கரோல் பாக்கில் நாங்கள் குடியிருந்தது ஒரு பர்சாத்தி. மொட்டை மாடியில் ஒற்றை அறை, ஓரமாகத் தகரம் போட்ட சமையலிடம், மீதியெல்லாம் வானம். கீழ்த்தளம் இரண்டிலும் வீட்டுக்காரர்கள். பிரிவினையின்போது லாகூரை விட்டு வந்த குடும்பம். வீட்டுக்கார அம்மாளைத் தெருவே 'பீஜி' என்று கூப்பிட்டது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

அப்பாவுக்கு மத்திய சர்க்காரில் குமாஸ்தா உத்தியோகம். 1975-ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருநெல்வேலிக்காரர்கள் மூன்று பேர் டெல்லி போய் இறங்கினோம். எனக்கு ஏழு வயது. முதல் டிசம்பரில் அம்மா தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. உறைந்த எண்ணெய் சொட்டுக்கூட விழவில்லை. அப்புறம் அதை வெயிலில் வைத்து எடுக்கப் பழகினாள். இட்லி மாவுக்குத் தனியாக ஒரு ரஜாய் உண்டு. குழந்தைக்குப் போர்த்துவதுபோல் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டி வைப்பாள். அப்படியும் ஜனவரியில் மாவு பொங்காது. கல் மாதிரி இட்லியைத் தின்றுகொண்டே அப்பா, "தாமிரபரணித் தண்ணி வேணும்ட்டீ" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பர்சாத்தி நாடகக் கொட்டகை ஆகிவிடும். அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் காலை பத்து மணிக்கே மாடியேறி வருவார்கள். தபால் துறை ஆள் ஒருவர், ரயில்வே போர்டில் ஸ்டெனோ ஒருவர், பாங்கிக்காரர்கள் இரண்டு பேர். டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டால் சோபா. கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி வைத்தால் கதவு. கொடியில் காயும் புடவைக்கு அந்தப் பக்கம் 'விங்ஸ்'. வருஷத்துக்கு இரண்டு நாடகம் போடுவார்கள். ரஃபி மார்க்கில் ஐஃபாக்ஸ் அரங்கம் கிடைத்தால் பெரிய கொண்டாட்டம். இல்லாவிட்டால் ஏதாவது பள்ளிக்கூட ஹால்.

அப்பா நடிகர் இல்லை. ஒருமுறை தபால்காரன் வேஷம் கட்டினார். தந்தியைக் கொடுத்துவிட்டு வெளியே போகாமல் மேடையிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு நிரந்தரமாகப் பிராம்ப்டர் வேலை. கையில் வசன நோட்டு, சின்ன டார்ச். விங்ஸுக்குள் ஒரு ஸ்டூல். நான் அந்த ஸ்டூலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஜனங்கள் முன்னாலிருந்து பார்த்த நாடகங்களை நான் பக்கவாட்டில்தான் பார்த்தேன். பேசுகிறவன் முகம் எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டு நிற்கிறவன் முகம்தான் தெரியும்.

1977-ல் 'பட்டினப் பிரவேசம்' வந்தபோது பர்சாத்தியில் ஒரே அமளி. படம் டெல்லிக்கு வந்து சேருமுன்பே அதைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. விசு எழுதி, காத்தாடி ராமமூர்த்தி குழு மேடையில் போட்ட நாடகத்தைக் கே. பாலசந்தர் படமாக எடுத்திருந்தார். அதில் அறிமுகமான கணேசனுக்கு 'டெல்லி கணேஷ்' என்று பெயர் வைத்ததும் பாலசந்தர்தான். பெயரைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் ஆளாளுக்கு உரிமை கொண்டாட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் உரிமையில் நியாயம் இருந்தது. 1964 முதல் பத்து வருஷம் விமானப்படையில் இருந்தவர் அவர். டெல்லியின் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தவர். 1974-ல் வேலையை விட்டுவிட்டுச் சென்னைப் பக்கம் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். ஒரு வருஷத்தில் அவரைத் தவறவிட்டுவிட்டோம் என்று அப்பாவுக்கு ஆயுசு முழுக்க ஆதங்கம். ஆனால் அப்பாவிடம் வேறொரு துருப்புச் சீட்டு இருந்தது. கணேஷ் பிறந்தது வல்லநாட்டில். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில், வெளிமான் சரணாலயம் இருக்கிறதே, அந்த ஊர். "டெல்லிங்கிறது பின்னால ஒட்டுனது. ஆளு நம்ம ஆத்தங்கரை ஆளு" என்று அப்பா சொன்னால் பாங்கிக்காரர்கள் வாயடைத்துப் போவார்கள்.

இப்போது யோசித்தால், அந்தக் காலத்து நாடகக்காரர்களில் பாதிப் பேர் ஆபீஸிலிருந்து வந்தவர்கள்தான் என்று தோன்றுகிறது. பாலசந்தரே ஏஜீஸ் ஆபீஸ். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. பூர்ணம் விஸ்வநாதன் டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். பகலில் வருகைப் பதிவேடு, சாயங்காலம் அரிதாரம். காசுக்காக நடிக்காததால் வந்த ஒரு சாவகாசம் அவர்களிடம் இருந்தது. ஆபீஸில் பல மாதிரி மனுஷர்களை எட்டு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பயிற்சிதானே. எங்கள் பர்சாத்திக்காரர்களும் அதே ஜாதிதான். என்ன, அவர்களில் யாரும் வேலையை விடவில்லை. பென்ஷன் வாங்கினார்கள்.

பீஜியின் வீட்டில் டி.வி. இருந்தது. எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷனில் ஞாயிறு மத்தியானம் தேசிய விருது வாங்கிய மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். ஒரு ஞாயிறு 'பசி'. துரை இயக்கிய 1979-ம் வருஷத்துப் படம். ஷோபாவுக்குச் சிறந்த நடிகை விருது வாங்கிக் கொடுத்தது. ஒத்திகையை நிறுத்திவிட்டுக் கூட்டம் மொத்தமும் கீழே இறங்கிப் போனோம். பீஜி கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு தமிழ் வார்த்தை தெரியாது. டைட்டில் ஓடும்போது அப்பா பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். "டெல்லி கணேஷ்" என்றதும் பீஜியின் கை நின்றது.

"தில்லி?"

"ஆமாம் பீஜி, தில்லி கணேஷ்."

அதற்கப்புறம் அவள் பட்டாணியைத் தொடவில்லை. குப்பத்து ரிக்‌ஷாக்காரன் முனியாண்டியாக அவர் வந்ததும், இவர்தான் அவரா என்று அப்பாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். படம் முடிகிறவரை அவர் வந்தபோதெல்லாம் விரலை நீட்டி, "தில்லிவாலா, தில்லிவாலா" என்று தன் மருமகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். லாகூரில் பிறந்து கரோல் பாக்கில் ஒட்டிக்கொண்ட பீஜி, வல்லநாட்டில் பிறந்த ஒருவரைத் தன் ஊர்க்காரர் என்று சேர்த்துக்கொண்டாள். அப்பா அன்றைக்கு மட்டும் ஆத்தங்கரைக் கதையை எடுக்கவில்லை.

எனக்கு அந்தப் படத்தில் பிடிபட்டது வேறு. விமானப்படை மிடுக்கு எங்கே போயிற்று? நெல்லைப் பேச்சு எங்கே? கூவம் கரையில் பிறந்து வளர்ந்தவன்போல அந்தத் தோள் சரிந்திருந்தது. மாநில அரசு அந்த நடிப்புக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது.

திரும்ப மாடியேறும்போது அப்பா சொன்னார், "ஏல, வசனம் பேசுறது பெரிசில்ல. அடுத்தவன் பேசுறப்ப நிக்கத் தெரியணும். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு." பிராம்ப்டர் கண் அது. விங்ஸிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான், தன் முறை வரட்டும் என்று காத்து நிற்கிறவன் யார், நிஜமாகவே கேட்கிறவன் யார் என்று தெரியும்.

அதற்குப் பிறகு நான் டெல்லி கணேஷைப் பார்த்ததெல்லாம் ஸ்டூலுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த மாதிரிதான். நானூறு படங்களுக்கு மேல் நடித்தார். அவற்றில் முக்கால்வாசியில் காட்சி இன்னொருவருடையது. 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கருடைய காட்சி. கூடவே நிற்கும் ஐயர் இவர். 'சிந்து பைரவி'யில் பாடகருடைய காட்சி. குடித்துவிட்டு வந்து மேடையிலிருந்து அனுப்பப்படும் மிருதங்கக்காரர் இவர். 'மைக்கேல் மதன காம ராஜன்' கல்யாணச் சமையலில் மீன் விழுந்த சாம்பாரை எத்தனை தரம் பார்த்தாயிற்று. கமல்ஹாசன் தவிப்பதற்குச் சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒருதரம் பாலக்காட்டு மணி ஐயரை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். மானம் போகப்போகிறதே என்று அந்த மனுஷன் நிஜமாகவே பயப்படுகிறார். அந்தப் பயம் நிஜமாக இருப்பதால்தான் மற்றதெல்லாம் வேடிக்கை ஆகிறது. 'அபூர்வ சகோதரர்க'ளில் வில்லன் பிரான்சிஸ் அன்பரசுவாக வந்தபோது எங்கள் அம்மாவுக்குக் கோபம். "அவருக்கு எதுக்கு இந்த வேஷம்?" என்றாள், சொந்தக்காரர் யாரோ வழிதவறிப் போய்விட்டதுபோல. 'அவ்வை சண்முகி'யில் மாமியைச் சுற்றிச் சுற்றி வந்தபோது மன்னித்துவிட்டாள்.

சீரியல்கள் வந்தன. 'மர்மதேசம்', 'செல்லமே' என்று வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். சினிமாவில் பெயர் எடுத்தவர்கள் பலர் சின்னத்திரைக்கு வரும்போது ஒரு படி இறங்கி வருகிற பாவனையோடு வருவார்கள். இவரிடம் அது இல்லை. பத்துப் பேர் உட்கார்ந்த பள்ளிக்கூட ஹாலுக்கும் அதே அரிதாரம் பூசிப் பழகிய நாடகக்காரரிடம் அந்தப் பாவனை எப்படி வரும்? 2024-ல் 'இந்தியன் 2' வரைக்கும் திரையில் இருந்தார். நாற்பத்தேழு வருஷம். பொன்விழா நாயகன் என்று கட்அவுட் எதுவும் வைத்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் நவம்பரில் ஒரு கல்யாணத்துக்காக டெல்லி போயிருந்தேன். கரோல் பாக் தலைக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஹோட்டல்கள். பீஜியின் வீடும் அப்படித்தான். நாலு மாடி, கண்ணாடிக் கதவு, வாசலில் நீல விளக்கு. வரவேற்பில் இருந்த பையனிடம், சின்ன வயசில் இங்கே இருந்தேன், மாடிக்கு ஒருதரம் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். என் நரையைப் பார்த்தோ என்னவோ லிஃப்டைக் காட்டிவிட்டான்.

மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக. ஏ.சி. எந்திரங்கள். ஒரு மூலையில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை வெளேரென்று, ஆள் உயரத்துக்கு. அந்தப் பக்கம் யாரோ நிற்பதுபோல இருந்தது. போய் விலக்கிப் பார்த்தேன். துணி துவைக்கிற பையன் உட்கார்ந்து மொபைலில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மொபைலிலும் அந்த நேரத்தில்தான் செய்தி வந்திருந்தது. முந்தின இரவு, நவம்பர் 9. எண்பது வயது. தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் விமானப்படைக்காரர்கள் வந்து மரியாதை செய்த படங்களைப் பார்த்தேன். வேலையை விட்டு ஐம்பது வருஷம் ஆன பிறகும் மறக்காமல் வந்திருந்தார்கள்.

அந்த மாடியிலேயே நின்று சென்னைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது காது மந்தம். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"யாரு, நம்ம டெல்லி கணேஷா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"டெல்லியிலயா?"

"இல்லம்மா, அங்கதான். ராமாபுரத்துல, அவரு வீட்டுல."

"அதான பார்த்தேன்" என்றாள்.