நூறாவது மரத்தை வளர விடாத சாத்தான்!

இங்கிலாந்தின் க்ளோஸ்டர்ஷயர் பகுதியில், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளின் மேல் இருக்கிறது பெயின்ஸ்விக் என்கிற சின்ன ஊர். வெளிர் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடுகள், ஏறி இறங்கும் ஒடுக்கமான தெருக்கள், நடுவே ஊசிக் கோபுரத்தோடு செயின்ட் மேரி தேவாலயம். ஆனால், உள்ளே நுழைகிறவர்களின் கண் கோபுரத்துக்குப் போவதற்குள் மரங்களில் நின்றுவிடும்!

எல்லாமே யூ மரங்கள். கரும்பச்சை இலைகளை ஒட்ட வெட்டி, பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்ததுபோல உருட்டி வைத்திருக்கிறார்கள். பழைய கல்லறைகளுக்கு நடுவே போகும் பாதைகளில், இரண்டு பக்க மரங்களும் தலைக்கு மேல் சேர்ந்து பந்தல் போட்டிருக்கின்றன.

மொத்தம் 99 மரங்கள் என்பது ஊர்க்கதை. நூறாவது மரத்தை எப்போது நட்டாலும் சாத்தான் வந்து பிடுங்கிவிடுவானாம். சரிபார்க்கலாம் என்று எண்ணத் தொடங்கினால், கிளைகள் பின்னிக் கிடப்பதால் ஆளுக்கொரு கணக்கு வரும்.

யூ மரத்துக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட்டிங்கல் கிராமத்தில் இருக்கும் யூ, 2,000 வருடங்களுக்கும் மேல் பழையது என்று மதிப்பிடுகிறார்கள். அப்பேர்ப்பட்ட மரத்துக்கும் எமன் உண்டு. அது, வேரில் தேங்கும் தண்ணீர்!

ஈரம் வடியாத மண்ணில் பைட்டோப்தோரா என்கிற நுண்ணுயிரி வேரை அழுகச் செய்துவிடும். இலை மஞ்சளாகி, பழுப்பாகி, கிளை கிளையாகக் காயும். அது கண்ணில் படும்போது, மண்ணுக்குள் பாதி வேர் போயிருக்கும். வீட்டுத் தோட்டக்காரர் தெளித்துக் குணமாக்க மருந்து கிடையாது. பட்டுப்போன மரத்தை வேரோடு எடுத்துவிட்டு, அதே குழியில் இன்னொரு யூவை நடாமல் இருப்பதுதான் வழி. சுண்ணாம்புக் கல் பூமியில் மழைநீர் சட்டென்று கீழே இறங்கிவிடுவதால், காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் யூ செழிப்பாக வளர்கிறது.

தண்ணீருக்கு அடுத்த எதிரி மனிதர்கள்தான். அடிமரத்தில் மண்ணைக் குவிப்பது, வேர் மேல் வண்டியை நிறுத்துவது, சுற்றிலும் சிமென்ட் போடுவது என எல்லாமே வேரை மூச்சுத் திணற வைக்கும். இளங்கன்றுக்கு மட்டும் முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கத்தரிப்பது வருடத்துக்கு ஒரு முறை, கோடை முடியும் சமயத்தில். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை, அடிக்கட்டை வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது. யூ துளிர்க்கும். அதனால் தாறுமாறாக வளர்ந்த வேலியையும் மீட்கலாம். ஒரு வசந்தத்தில் ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாக வெட்டிவிட்டு, அது நன்றாகத் தழைத்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும்.

வெட்டிய தழையில் கவனம் தேவை. இலை, விதை எல்லாமே கடும் விஷம். தின்ற மாடும் குதிரையும் பிழைப்பது அரிது. பழத்தின் சிவப்புச் சதையில் மட்டும்தான் விஷம் இல்லை. அதே இலையில் இருந்து எடுக்கும் ஒரு வேதிப்பொருளை வைத்துத்தான், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டோசிடாக்சல் மருந்தைத் தயாரிக்கிறார்கள்!

செப்டம்பரில் இங்கே ‘க்ளிப்பிங்’ என்று ஒரு விழா நடக்கிறது. பெயரைக் கேட்டதும் மரம் வெட்டும் விழா என்றுதான் தோன்றும். ஆனால், பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘அணைத்தல்’ என்று பொருள். ஊர்ப் பிள்ளைகள் கைகோத்து, தேவாலயத்தைச் சுற்றி வளையமாக நின்று பாடுகிறார்கள்.

நூறாவது மரத்தைச் சாத்தான் பிடுங்குகிறானோ இல்லையோ, தண்ணீர் வடியாத குழியில் நட்டால் முதல் மரமே நிற்காது!