கூந்தன்குளத்தில் பறவை பறக்கும் நேரம்

திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில், நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் பனையும் உடைமரமும் இடையிடையே நெல் வயலும் தெரியும். ஊருக்குள் நுழைந்தால் பறவையைத் தேடிக் குளக்கரை வரை போக வேண்டியதில்லை. வீட்டுப் புறவாசலில் நிற்கும் மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். கீழே கோழி கிளறிக்கொண்டிருக்க, மேலே நாரை தன் குஞ்சுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருக்கும்.

பக்கத்தில் உள்ள காடன்குளத்தையும் சேர்த்து 129 ஹெக்டேர் பரப்புள்ள இந்த இடம் 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் குளத்தை நிரப்பினால், டிசம்பர் வாக்கில் பறவைகள் வரத் தொடங்கும். கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும், ஊசிவால் வாத்தும், சில ஆண்டுகளில் பூநாரையும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகும். ஜூன், ஜூலையில் மற்றவை குஞ்சுகளோடு கிளம்பும்.

இந்த ஏழு மாதத்தில் கேமராவோடு வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு உட்கார்ந்திருக்கும் பறவை போதாது. சிறகு விரித்துப் பறக்கும் படம்தான் வேண்டும். கையில் இருப்பது சாதாரண கேமரா என்றால், அந்தப் படம் கிடைக்காது என்று முன்கூட்டியே சோர்ந்துவிடுகிறார்கள். பொறுமை இல்லாத சிலர் கை தட்டியும் கல் எறிந்தும் பறவையைக் கிளப்பப் பார்க்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. பறவை தானாகவே ஒரு நாளைக்குப் பல தடவை பறக்கிறது. அது எப்போது, எந்தப் பக்கமாகப் பறக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இரை தேடப் போகும் வழி

குஞ்சுள்ள நாரையும் கூழைக்கடாவும் சும்மா இருக்க முடியாது. சுற்றுவட்டாரக் குளங்களுக்கும் வயல்களுக்கும் போய் இரை கொண்டுவந்தாக வேண்டும். போகும் வழியும் வரும் வழியும் பெரும்பாலும் மாறுவதில்லை. அரை மணி நேரம் கேமராவைத் தொடாமல் வானத்தைக் கவனித்தால் அந்தத் தடம் பிடிபட்டுவிடும்.

கூடு கட்டும் பருவத்தில் இது இன்னும் சுலபம். நாரை குச்சி ஒடித்து அலகில் கவ்விக்கொண்டு, அதே கூட்டுக்கு அதே பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவை படம் தவறினால் அடுத்த தடவை கிடைக்கும்.

விடிந்த உடனே கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டமாகக் கிளம்பும். கூழைக்கடாவும் நாரையும் நெடுந்தூரம் போக வெயிலுக்காகக் காத்திருக்கும். தரை சூடேறி, வெப்பக் காற்று மேலெழும்பத் தொடங்கியதும், சிறகை அசைக்காமல் அதில் வட்டமடித்து ஏறும். காலை ஒன்பது, பத்து மணிக்கு அந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

முதுகில் காற்று, முதுகில் வெயில்

களத்தில் நெல் தூற்றுகிறவர் முதலில் பார்ப்பது காற்றின் திசையைத்தான். பறவைப் படத்துக்கும் அதுவே முதல் பாடம். பெரிய பறவைகள் எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு எதிராகவே போகும். எனவே காற்று முதுகில் படும்படி நிற்பவரை நோக்கித்தான் பறவை இறங்கி வரும். காற்றைப் பார்க்காமல் நின்றால் கிடைப்பதெல்லாம் வால் பக்கம்தான்.

இதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கும் வடகிழக்குமாகக் காற்று வீசும். காலை வெயிலும் கிழக்கிலிருந்தே வரும். அந்த மாதங்களில் காலையில் பறவை இறங்கும் இடத்துக்குக் கிழக்கே நின்றால், காற்றும் வெயிலும் ஒன்றாக முதுகில் படும். பறவையின் முகத்திலும் நெஞ்சிலும் நல்ல வெளிச்சம் விழும். மே மாதத்துக்குப் பிறகு மேல்காற்று பலமாகிவிடும். அப்போது மாலை நேரமும் மேற்குப் பக்கமும்தான் ஏற்றவை.

எதிர்காற்றில் வரும் பறவை நிதானமாக வரும். காற்று பலமாக இருந்தால் அந்தரத்தில் நிற்பதுபோலவே தெரியும். பழைய, மெதுவான கேமராவுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சாதாரண கேமராவே போதும்

விலை உயர்ந்த நீள லென்ஸ் சிறு குருவிகளுக்குத்தான் அதிகம் தேவைப்படும். கூந்தன்குளத்துப் பறவைகள் பெரியவை. கூழைக்கடாவின் விரித்த சிறகு ஏழு, எட்டு அடி. மஞ்சள்மூக்கு நாரைக்கு ஐந்தடி. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் 250 மி.மீ. லென்ஸ் போட்டால், 100 அடி தூரத்தில் பறக்கும் கூழைக்கடா படத்தின் அகலத்தைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். 55-250, 70-300 வகை லென்ஸ்கள் இரண்டாம் கையாகவும் கிடைக்கின்றன. லென்ஸ் கழற்ற முடியாத ஜூம் கேமராவிலும் எடுக்கலாம். ஆனால், அதில் ஜூமை முழுக்க நீட்டினால் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதே கஷ்டம். பாதி நீட்டிப் பிடித்துவிட்டு, பிறகு படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம்.

கேமராவில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்.

ஷட்டர் வேகம்: பெரிய பறவைக்கு 1/1000 நொடி. கொக்கு, வாத்து போன்றவற்றுக்கு 1/1600 அல்லது 1/2000 நொடி. ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விடலாம். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. கலங்கிய படத்தைச் சரிசெய்ய வழி இல்லை.

ஃபோகஸ்: ஓடும் பொருளைத் தொடரும் முறையில் வைக்க வேண்டும். கேனானில் இதை ஏ.ஐ. சர்வோ என்றும், நிக்கானில் ஏ.எஃப்-சி என்றும் போட்டிருப்பார்கள். சாதாரண கேமராக்களில் நடுப்புள்ளிதான் வேகமாக வேலை செய்யும் என்பதால் அதை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வெளிச்சம்: வெளிறிய வானத்தை நோக்கி எடுக்கும்போது பறவை கறுத்துப்போகும். அதற்கு எக்ஸ்போஷரைப் பிளஸ் ஒன்று வரை கூட்ட வேண்டும். வெள்ளைக் கொக்கு இருண்ட மரத்துக்கு முன்னால் பறந்தால் இறகு வெளுத்துப்போகும். அதற்கு மைனஸ் பக்கம் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

கை: முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிப் பறவையைத் தொடர வேண்டும். பறவை தூரத்தில் வரும்போதே தொடங்கி, கிட்டே வந்ததும் நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுக்கலாம். எடுத்து முடித்த பிறகும் கையை உடனே நிறுத்தக் கூடாது.

பயிற்சிக்கு வயல் போதும்

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது. அதற்காகக் கூந்தன்குளத்துக்கு அடிக்கடி போகவும் வேண்டாம். டிராக்டர் உழவு ஓட்டும்போது பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வரும். ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளாது. கரிச்சானும் பஞ்சுருட்டானும் ஒரு கம்பியில் உட்கார்ந்து, பூச்சியைப் பாய்ந்து பிடித்து, பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பிவிடும். கம்பியிலேயே ஃபோகஸை வைத்துக் காத்திருக்கலாம். உட்கார்ந்தால் மங்கலாகத் தெரியும் பனங்காடை, பறக்கும்போதுதான் தன் நீலத்தைக் காட்டும். கொக்கைப் பிடிக்கப் பழகிய கைக்கு நாரை சுலபம்.

கல்லெறிந்தால் யாருக்கு நஷ்டம்

கூட்டிலிருந்து தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால், அந்தச் சில நிமிடம் போதும், காகம் முட்டையைத் தூக்கிவிடும். நண்பகல் வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு வெகுநேரம் தாங்காது. தாய் சிறகை விரித்துக் குடைபோல நிற்பது அதற்காகத்தான். வளர்ந்த குஞ்சுகளோ பதறிப்போய்க் கூட்டிலிருந்து கீழே விழும். விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்துக் காப்பாற்றுவது இந்த ஊரின் பழைய வழக்கம். ஆனாலும் எல்லாம் பிழைப்பதில்லை.

ஊர் மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசையும் கொட்டுச் சத்தத்தையும் தவிர்த்து வருகிறார்கள். இதில் பாசமும் உண்டு, விவசாயக் கணக்கும் உண்டு. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. கோடையில் குளம் வற்றியதும் எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவது இங்கே வழக்கம். வயலுக்கு வரும் நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்கிறது. உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளியைத் தின்கிறது. படம் எடுக்க வந்தவர் ஒருநாளில் போய்விடுவார். மிரண்ட பறவைகள் அடுத்த ஆண்டு வேறு குளம் தேடினால், நஷ்டம் ஊருக்குத்தான்.

சட்டமும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

கூடு கட்டும் காட்சிக்குப் பறவைகள் வந்து சேர்ந்த தொடக்க வாரங்களும், குஞ்சு பறக்கப் பழகுவதைப் பார்க்கக் கோடை மாதங்களும் ஏற்றவை. மழை பொய்த்து, கால்வாய்த் தண்ணீரும் வராத ஆண்டில் பறவை குறைவாகவே இருக்கும். அதனால், குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை வேண்டாம். ஃபிளாஷ் வேண்டாம். கூடுள்ள மரத்தின் நேர் அடியில் நிற்கக் கூடாது. நாரை கழுத்தை நிமிர்த்தி ஆளையே பார்க்கத் தொடங்கினால், மிக அருகில் வந்துவிட்டதாக அர்த்தம். அங்கிருந்து பத்தடி பின்வாங்கி உட்கார்ந்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் அது தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும். குஞ்சுக்குப் பசித்ததும் தானே பறக்கும்.