ரேங்க் கார்டில் நான் எழுதிய ஒரு சொல்



பணி ஓய்வு பெற்று 6 வருடம் ஆகிறது. நான் எழுதிய ஒரு சொல் இன்னும் உறுத்துகிறது.

புறவயம், அகவயம் பாடத்துக்கு வகுப்பில் ஒரு உதாரணம் சொல்வேன். "குமரியில் வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி." இது புறவயக் கூற்று, அளந்து பார்க்கலாம். யாராவது 150 அடி என்று எழுதினாலும் அதே வகைதான். தவறு என்று அளந்தே காட்டிவிடலாம். "பார்க்கப் பார்க்கச் சலிக்காத சிலை" என்பது அகவயம். அதை எந்த டேப்பாலும் அளக்க முடியாது. அது சொன்னவர் மனசு.

இதை நடத்திய நானே ஒரு பையனின் ரேங்க் கார்டில் "சோம்பேறி" என்று எழுதினேன். மறுநாள் அவன் அம்மா வந்தார்.

"விடியக்காலை 4 மணிக்கே எழுந்து என்கூடப் பூப்பறிக்க வர்றான் சார்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் கண்ணால் கண்டது என்ன? அந்த மாதம் 9 நாள் தாமதமாக வந்தான். 2 முறை வகுப்பில் தூங்கினான். அவ்வளவுதான். அதை எழுதியிருந்தால் "ஏன்?" என்று கேட்கத் தோன்றியிருக்கும். "சோம்பேறி" என்று எழுதியதும் கேட்க எதுவும் மிச்சமில்லை என்று நினைத்துவிட்டேன்.

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அடித்த கோட்டுக்குக் கீழேயும் அது தெரியத்தான் செய்தது.

கருத்தே கூடாது என்று சொல்லவில்லை. பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் கண்டதை எழுதுங்கள். பிறகு "இது என் எண்ணம்" என்று சொல்லி எண்ணத்தை எழுதுங்கள்.