ஃப்ளூரியின் தெருக்கள்

பிரான்சிலிருந்து திரும்பி வந்தவனிடம் எல்லோரும் பாரிஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் மனசு போய் நிற்பதோ ஃப்ளூரியில். வெர்டன் நகரத்துக்கு வடகிழக்கே, மேட்டு நிலத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கும் சின்னஞ்சிறு ஊர். ஒரு குடிகூட இல்லாத ஊர். அந்தப் பக்கம் வசித்த காலத்தில், விடுமுறை கிடைத்தால் அங்கே போய் நடப்பேன்.

முதல் உலகப் போருக்கு முன் அங்கே 422 பேர் வாழ்ந்தார்கள். விவசாயமும் காட்டு வேலையும்தான் பிழைப்பு. 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மன் பீரங்கிகள் வெர்டனைக் குறிவைத்து முழங்கத் தொடங்கின. ஊரைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சண்டை ஓய்ந்ததும் வந்துவிடலாம் என்றுதான் கிளம்பியவர்கள் நினைத்திருப்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊர் 16 முறை கைமாறியது. ஆகஸ்ட் 18-ல் பிரெஞ்சுப் படை அதைக் கடைசியாகக் கைப்பற்றியபோது, வீடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

போர் முடிந்த பிறகும் யாரும் திரும்ப முடியவில்லை. மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள், நச்சுவாயுக் குண்டுகள், எடுத்துப் புதைக்கப்படாத உடல்கள். அரசு அந்த நிலத்தைச் ‘சிவப்பு மண்டலம்’ என்று ஒதுக்கிவைத்து, பிறகு மரம் நட்டது. வெர்டனைச் சுற்றி இப்படி அழிந்தவை ஒன்பது ஊர்கள். ஃப்ளூரி உட்பட ஆறு ஊர்களில் அப்புறம் விளக்கேற்ற ஆளே வரவில்லை.

ஆனாலும் அவற்றின் பெயரை அரசு பதிவேட்டிலிருந்து அடிக்கவில்லை. நாட்டுக்காக உயிர் கொடுத்த ஊர்கள் என்று மரியாதை செய்தது. இன்றும் ஃப்ளூரிக்கு மேயர் உண்டு. ஓட்டுப்போட ஆள் இல்லாததால், அரசின் மாவட்ட அதிகாரி அவரை நியமிக்கிறார்.

பழைய தெருக்கள் போன தடத்திலேயே நடைபாதை போகிறது. இருபுறமும் குண்டு விழுந்த பள்ளங்கள். ஒன்றை ஒட்டி ஒன்றாக, மேடும் குழியுமாகப் புல் மூடிக் கிடக்கின்றன. சமதரை என்று ஒரு பாய் விரிக்கக்கூட இடம் தேட வேண்டும். அந்தப் பள்ளங்களின் ஓரத்தில் சின்னச் சின்ன அடையாளப் பலகைகள்: இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளிக்கூடம், இது பண்ணை வீடு, இது பெண்கள் துணி துவைத்த இடம். ரொட்டிக்கடைப் பலகைக்கு முன்னால்தான் எப்போதும் அதிக நேரம் நின்றிருப்பேன். விடிகாலையில் அடுப்பு மூட்டியவர், காசைக் கையில் பொத்திக்கொண்டு வந்த பிள்ளைகள், கடன் சொல்லிப் போனவர்கள் என்று ஒரு தெருவே மனசில் எழுந்து வரும்.

ஒரு போரில் யார் வென்றார், எந்தப் படை எங்கே நின்றது என்பதையெல்லாம் எழுதிவைக்க ஆள் எப்போதும் உண்டு. ரொட்டிக்கடை எந்த மூலையில் இருந்தது என்று குறித்துவைக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஃப்ளூரிக்கு அப்படி ஆட்கள் கிடைத்தார்கள். அதனால்தான், அந்த ஊரில் பிறக்காத நானும் அதை நினைத்து ஏங்க முடிகிறது. எங்கே ஓர் ஊர் அழிந்தாலும், அதன் தெருவையும் தொழிலையும் இப்படி யாராவது காப்பாற்றி வைக்க வேண்டும். மறுபடி அந்த நாட்டுக்குப் போக வாய்த்தால், முதலில் ஃப்ளூரிக்குத்தான் போவேன்.